ரிவரில் செக்-ரெய்ஸ் பிளஃப் பலிக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

போக்கர் வகைகளில் ஒன்றான டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஐந்தாவது மேசைச் சீட்டான ரிவர் விழுந்த பிறகு, கையில் ஒன்றுமே சேராத ஒருவர் முதலில் செக் (பணயம் வைக்காமல் விடுதல்) சொல்லிவிட்டு, எதிராளி பெட் (பணயம்) வைத்ததும் அதன்மேல் பெரிய ரெய்ஸ் (கூடுதல் பணயம்) போட்டு அவரை விலக வைக்க முயல்வதே ரிவர் செக்-ரெய்ஸ் பிளஃப் ஆகும். பிளஃப் (வெறும் கையோடு ஏமாற்றுதல்) வகைகளில் இதைவிட ஆபத்தானது அரிது. இனிச் சீட்டு எதுவும் வரப் போவதில்லை என்பதால், பிளாப்பிலோ (முதல் மூன்று மேசைச் சீட்டுகள்) டர்னிலோ (நான்காவது சீட்டு) ஏமாற்றுபவருக்கு இருக்கும் ‘அடுத்த சீட்டு காப்பாற்றும்’ என்ற நம்பிக்கை இங்கே இல்லை. போதாக்குறைக்கு, கையில் ஏதோ இருக்கிறது என்று பெட் வைத்துக் காட்டிவிட்ட ஒருவரைத்தான் விரட்ட வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் பானஸ்வாடி, காக்ஸ் டவுன், அல்சூர் பகுதிகளில் வாரக் கடைசியில் நண்பர்கள் கூடி, பணம் கட்டாமல், சிப்ஸை (விளையாட்டு வில்லைகளை) மட்டும் வைத்து ஆடும் தமிழ் மேசைகளை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டதால், அவற்றைப் பற்றிய பேச்சு இங்கே இல்லை. ஆட்டத்தின் அடிப்படை விதிகளும் எந்தக் கை எதை வெல்லும் என்பதும் வாசகருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் கை

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே கையைச் சுற்றியே இருப்பதால், முதலில் அதைப் பார்த்துவிடலாம். பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 10, 20; இருவரிடமும் 2,000 சிப்ஸ். டீலர் இடத்தில் இருப்பவர் 60-க்கு ரெய்ஸ் செய்கிறார், சிறிய பிளைண்ட் விலகுகிறார், பெரிய பிளைண்டில் இருக்கும் நாம் ஆட்டின் ஏஸும் கிளாவர் ஜாக்கியும் வைத்துக்கொண்டு கால் செய்கிறோம் (அதே அளவு போட்டுத் தொடர்கிறோம்). பாட் (நடுவே சேர்ந்த மொத்தத் தொகை) 130.

பிளாப்பில் ஆட்டின் ராணி, இஸ்பேட் 10, ஆட்டின் 4. நாம் செக் சொல்ல, அவர் 60 வைக்க, நாம் கால், பாட் 250. டர்னில் கிளாவர் 9 விழுகிறது. ராஜா வந்தாலும் 8 வந்தாலும் நமக்கு ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) என்பதால், அவர் வைக்கும் 150-க்கும் தயங்காமல் கால் செய்கிறோம், பாட் 550. ரிவரில் ஆட்டின் 2. ஸ்ட்ரெயிட் தவறிவிட்டது, ஜோடிகூட இல்லை; ஆனால் மேசையில் மூன்று ஆட்டின்கள் சேர்ந்துவிட்டன. நாம் செக் சொல்கிறோம், அவர் 300 வைக்கிறார், பாட் 850 ஆகிறது. இங்கே 1,000-க்கு ரெய்ஸ் போடலாமா என்பதே கேள்வி.

850-ஐப் பறிக்க 1,000-ஐப் பணயம் வைக்கிறோம் என்பதால், 1,000-ஐ 1,850-ஆல் வகுத்தால் கிடைக்கும் 54 விழுக்காட்டுக்கு மேல் அவர் விலகினால்தான் நமக்கு லாபம். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அறிகுறிகளுக்குப் போவோம்.

அறிகுறி: ரெய்ஸ் போடும்போதெல்லாம் கால் வந்துவிடுகிறது

பெரும்பாலானோர் சொல்லும் குறை இதுதான். இதற்குக் காரணங்களும் பல. சோதிக்கும் வரிசை முக்கியம், ஏனென்றால் முதல் சோதனையிலேயே பழுது தெரிந்துவிட்டால் மற்றவற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

முதலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். நம் மேசைகளுக்கு வரும் மூத்தவர்களில் பலர் ரம்மியிலும் மூணு சீட்டிலும் கை பழகியவர்கள். மூணு சீட்டில் கடைசி இருவர் எஞ்சியதும், உரிய தொகையைப் போட்டுவிட்டு ‘ஷோ’ கேட்கலாம். அந்தப் பழக்கம் உள்ளவருக்கு ரிவரில் கால் செய்வது தீர யோசித்து எடுக்கும் முடிவு அன்று, ஆட்டத்தை முறையாக முடித்து வைக்கும் சடங்கு. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் மேசையில் இருக்கிறார். 1,000 என்று சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிரலால் தன் சிப்ஸ் அடுக்கை முன்னே தள்ளிவிட்டு, “என்னதான் வச்சிருக்கேன்னு பாத்துடுவோம் தம்பி” என்பார். அவருக்கு எதிராக 54 விழுக்காடு என்ற பேச்சுக்கே இடமில்லை; ரெய்ஸை 1,000-லிருந்து 1,700 ஆக்கினாலும் அவருடைய ஆவல்தான் கூடும். இதற்குத் தீர்வு ஒன்றே: அவரிடம் இந்த உத்தியைக் கைவிட்டு, நல்ல கை வரும்போது பெரிதாக பெட் வையுங்கள். ஏமாற்ற முடியாத ஆளிடம் ஏமாறாமல் சம்பாதிப்பது எளிது என்பதைப் பலரும் ஏனோ தோல்வியாகக் கருதுகிறார்கள்.

எதிரே இருப்பவர் யோசித்து விலகக் கூடியவர்தான் என்றால், இரண்டாவதாக உங்கள் கதையைப் பாருங்கள். ரிவரில் ரெய்ஸ் போடும்போது ‘என்னிடம் ஃப்ளஷ் (ஒரே இனச் சீட்டு ஐந்து) இருக்கிறது’ என்கிறீர்கள். அந்தக் கூற்றை பிளாப்பிலிருந்து நீங்கள் செய்த ஒவ்வொன்றும் தாங்கி நிற்க வேண்டும். நம் சோதனைக் கையில் அது நிற்கிறது: பிளாப்பில் இரண்டு ஆட்டின்கள் இருந்தன, இரு முறை கால் செய்து காத்திருந்தோம், ரிவரில் மூன்றாவது ஆட்டின் விழுந்தது. ஆட்டின் 8, 7 வைத்திருப்பவரும் அச்சு அசலாக இப்படித்தான் ஆடியிருப்பார். மாறாக, பிளாப்பில் மூன்றும் வெவ்வேறு இனமாக இருந்து, டர்னிலும் ரிவரிலும் அடுத்தடுத்து ஆட்டின் விழுந்து மேசையில் மூன்றானால், நம் கதையின்படி பிளாப்பில் எதற்காகக் கால் செய்தோம் என்ற கேள்விக்கு விடை இல்லை. யோசிக்கும் எதிராளி சரியாக அந்த இடத்தில்தான் விரலை வைப்பார். ஆகவே கால் வந்துவிட்ட ஒவ்வொரு கையையும் பிளாப்பிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்த்து, உங்களிடம் உண்மையிலேயே அந்தப் பெரிய கை இருந்திருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் அதே தொகையை, அதே வேகத்தில் வைத்திருப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் கணிப்பில், ரிவரில் உடைந்ததாகத் தோன்றும் பிளஃப்களில் பெரும்பகுதி பிளாப்பிலோ டர்னிலோ உடைந்தவை.

லாஸ் வேகாஸில் 2003-இல் நடந்த உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கிறிஸ் மனிமேக்கர், சாமி ஃபர்ஹாவை விலக வைத்த கை இதற்கு நல்ல பாடம். மேசையில் இஸ்பேட் 9, டைமன் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, ஆட்டின் 3. ஃபர்ஹாவிடம் 9-இல் ஜோடி, மனிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7-உம் மட்டுமே. ரிவரில் அவர் போட்ட ஆல்-இன்னைத்தான் (எல்லாச் சிப்ஸையும் தள்ளுவது) எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் மூன்றாவது இஸ்பேட் விழுந்த டர்னிலேயே அவர் ரெய்ஸ் செய்து கதையைத் தொடங்கிவிட்டார். ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெயிட்டுக்கும் வாய்ப்புள்ள கை அப்போது அவரிடம் இருந்தது. இரண்டும் தவறிய பிறகு ரிவரில் அவர் புதிதாக எதையும் சொல்லவில்லை, முன்பு சொன்னதையே உரக்கச் சொன்னார். அது செக்-ரெய்ஸ் இல்லை என்றாலும், கதையின் தொடர்ச்சி என்ற வகையில் பாடம் ஒன்றுதான்.

மூன்றாவது சோதனை உங்கள் கையில் இருக்கும் சீட்டு. நம் சோதனைக் கையில் ஆட்டின் ஏஸ் வெறும் ஏஸ் அன்று. மேசையில் ஜோடி இல்லாததால் ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) வழியில்லை. எனவே ஏஸோடு கூடிய ஃப்ளஷ்தான் அங்கே மிக உயர்ந்த கை, அது எதிராளியிடம் இருக்கவே முடியாது என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். மேசையில் உள்ள மூன்று போக, ஆட்டினில் 10 சீட்டுகள் உண்டு. அவற்றிலிருந்து இரண்டிரண்டாக 45 ஃப்ளஷ் கைகள் அமையலாம். ஏஸ் நம்மிடம் இருப்பதால் அது 36 ஆகக் குறைகிறது, குறைந்த 9-உம் எதிராளி கண்ணை மூடிக்கொண்டு கால் செய்யும் கைகள். நம்முடைய ஜாக்கியும் சும்மா இல்லை: ராஜா-ஜாக்கி வைத்து ஸ்ட்ரெயிட் அடித்திருக்கக் கூடிய 16 கைகளை அது 12 ஆக்குகிறது. இப்படி எதிராளியின் வலுவான கைகளைத் தடுத்து நிற்கும் சீட்டைத்தான் பிளாக்கர் என்கிறோம்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃப்ளஷுக்குக் காத்திருந்து, ரிவரில் வேறு இனம் விழுந்து ஏமாந்ததும், ‘எப்படியும் ஜெயிக்க வழியில்லை’ என்று அந்தக் கையையே பிளஃபுக்கு எடுக்கிறார்கள். அவர்கள் கையில் இரண்டு ஆட்டின்கள் இருக்கின்றன என்றால், எதிராளியிடமும் தவறிப்போன ஆட்டின் கை இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. எதிராளி விலகக் கூடிய கைகளையே நாம் தடுத்துக்கொண்டு நிற்கிறோம். மிஞ்சியிருப்பவை அவர் விடாமல் பிடித்துக்கொள்ளும் கைகள். ஃப்ளஷ் தவறிய கையோடு செக்-ரெய்ஸ் பிளஃப் தொடர்ந்து கால் ஆகிறது என்றால், துணிச்சலைக் கூட்டிப் பயனில்லை, வேறு கையைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவதாகத் தொகை. நம் கையில் 600-க்கு, அதாவது விதிப்படி போட முடிந்த குறைந்தபட்ச ரெய்ஸ் போட்டால், எதிராளி இன்னொரு 300 போட்டு 1,750 உள்ள பாட்டை வெல்ல முயலலாம்; 17 விழுக்காடு வாய்ப்பிருந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். ராணி ஜோடி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விலக மாட்டார், விலகவும் கூடாது. 1,000 போட்டால் அவருக்குத் தேவை 27 விழுக்காடு. கையில் மீதமுள்ள 1,730-ஐயும் தள்ளினால் ஏறத்தாழ 36. ஆனால் விலை கூடினால் நம் சுமையும் கூடுகிறது: ஆல்-இன் போட்டால் அவர் 67 விழுக்காட்டுக்கு மேல் விலக வேண்டும். குறைந்தபட்ச ரெய்ஸுக்கு நமக்கு 41 விழுக்காடு போதும் என்பதால் அது மலிவாகத் தெரியும். அந்த மலிவை நம்பி ஏமாந்தவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

அறிகுறி: நாம் செக் சொன்னதும் அவரும் செக் சொல்லிவிடுகிறார்

பிளஃப் தொடங்கும் முன்பே முடிந்துபோகும் நிலை இது. மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் எச்சரிக்கையான எதிராளி, ராணி ஜோடியைக் காட்டி பாட்டை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. நாம் செக்-ரெய்ஸுக்காகப் பதுங்கியிருந்த நேரத்தில் 550 சிப்ஸ் சண்டையே இல்லாமல் போய்விடுகிறது.

டர்னில் பெட் வைத்தவர் ரிவரில் எத்தனை முறை தொடர்ந்து பெட் வைக்கிறார் என்பதைச் சில வாரங்கள் கவனித்தால் விடை கிடைத்துவிடும். பாதிக்கு மேல் செக் சொல்பவர் என்றால், செக்-ரெய்ஸை மறந்துவிட்டு நாமே முதலில் பெட் வைப்பது நல்லது. பாட் 550 இருக்கும்போது 400 வைத்தால், 400-ஐ 950-ஆல் வகுத்து, 42 விழுக்காடு அவர் விலகினால் போதும். செக்-ரெய்ஸுக்குத் தேவையான 54-ஐவிட இது எவ்வளவோ மேல். பணயம் வைக்கும் தொகையும் பாதிக்கும் குறைவு. நம் மேசைகளில் உண்மையிலேயே ஃப்ளஷ் அடித்தவர், எதிராளி செக் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் ரிவரில் தானே பெட் வைப்பதுதான் வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மேசையில் முதலில் வைக்கும் பெட்டுக்கு இருக்கும் நம்பகத்தன்மை செக்-ரெய்ஸுக்கு இருப்பதில்லை.

அறிகுறி: அடிக்கடி பலிக்கிறது, ஆனாலும் சிப்ஸ் கரைகிறது

இது தந்திரமான பழுது. பலித்த கைகள் நினைவில் இனிக்கும் என்பதால் உத்தி வேலை செய்கிறது என்றே தோன்றும். கணக்கைப் பாருங்கள்: சோதனைக் கையைப் போன்ற 10 கைகளில் 5 முறை பலித்தால் 4,250 வரும், 5 முறை தோற்றால் 5,000 போகும், பாதிக்குப் பாதி பலித்தும் 750 நட்டம். 6 முறை பலித்தால் 1,100 லாபம். லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு கை நிற்கிறது. ஒரு சிறு நோட்டில் பாட், பணயம், முடிவு என மூன்றை மட்டும் குறித்து வருபவருக்கு இந்தப் பழுது விரைவில் புலப்படும். நினைவை நம்புபவருக்குப் புலப்படவே புலப்படாது.

தொகை சரியாக இருந்தும் கரைகிறது என்றால், எந்தக் கைகளை பிளஃபுக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். அதே மேசையில் நம்மிடம் டைமன் ராணியும் 8-உம் இருந்து, அவருடைய 300-க்கு என்ன செய்வது என்று தெரியாமல், ‘கால் செய்து தோற்பதைவிட ரெய்ஸ் போட்டு விரட்டிப் பார்ப்போம்’ என்று இறங்கினால் என்ன ஆகும்? ராணி ஜோடியைவிடத் தாழ்ந்த கைகளும் அவருடைய பிளஃப்களும் விலகும். ஸ்ட்ரெயிட்டும் ஃப்ளஷும் அடித்தவர்களில் பெரும்பாலோர் விலக மாட்டார்கள். நாம் ஏற்கெனவே வென்றுகொண்டிருந்தவர்களை விரட்டிவிட்டு, தோற்றுக்கொண்டிருந்தவர்களிடம் இன்னும் 700-ஐக் கூடுதலாகக் கொடுக்கிறோம். அங்கே கால் செய்ய 300 போதும். 26 விழுக்காட்டுக்கு மேல் நம் கை வெல்லும் என்று தோன்றினால் கால், இல்லையென்றால் விலகல். மூன்றாவது வழி இல்லை.

இதைக் கணிதம் எப்போதோ சொல்லிவிட்டது. ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் இருக்கும் எளிய போக்கர் மாதிரியில், முதலில் ஆடுபவர் மிக நல்ல கைகளோடும் மிக மோசமான கைகளோடும் பெரிய தொகை வைக்க வேண்டும், நடுத்தரக் கைகளோடு வைக்கக் கூடாது என்பதே முடிவு. பிளஃப் நடுக்கைக்கு உரியதன்று என்று அங்கேயே எழுதியாகிவிட்டது. நம் சோதனைக் கையான ஆட்டின் ஏஸும் கிளாவர் ஜாக்கியும் காட்டி வெல்லக் கூடிய கை அன்று. அதனால்தான் அது பிளஃபுக்குத் தகும்.

அறிகுறி: ரெய்ஸ் என்று நினைத்துப் போட்டது கால் ஆகிவிடுகிறது

புதிதாக நேரில் ஆட வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். ஒயிட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து நேராக வந்த ஒரு தம்பி, எதிரே 300 கிடக்கும்போது, பேசினால் குரல் நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று வாயைத் திறக்காமல் ஒரே ஒரு கறுப்பு 1,000 சிப்பை எடுத்து நடுவே வைத்தார். வீட்டுக்காரர் உடனே, “வாயத் திறந்து சொன்னியா தம்பி? சொல்லலேன்னா அது கால்தான்” என்றார். பெட் ஒன்றுக்கு எதிரே, எதுவும் சொல்லாமல் ஒற்றைப் பெரிய சிப்பை வைத்தால் அது கால் மட்டுமே என்பது போட்டிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 700 சில்லறையாகத் திரும்பி வந்தது; ஏஸை மட்டும் வைத்துக்கொண்டு 300-க்குக் கால் செய்தவராகச் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டியதாயிற்று.

இதைப் போலவே, முதலில் 300-ஐ வைத்துவிட்டு, கையைத் திரும்பக் கொண்டுபோய் இன்னும் 700-ஐ எடுத்து வைத்தால், அதுவும் இரண்டாக உடைத்து வைத்த பெட் என்று செல்லாமல் போகும். முதலில் வைத்த 300 கால் ஆக நிற்கும். தீர்வு மிக எளிது: சிப்ஸைத் தொடும் முன்பே “ரெய்ஸ், 1,000” என்று தொகையோடு சொல்லிவிடுங்கள். குரல் நடுங்குமென்று பயப்படுபவர், நல்ல கை இருக்கும்போதும் அதே இரண்டு சொல்லை அதே விதமாகச் சொல்லிப் பழக வேண்டும். எண்ணிச் சொல்லும் வேகத்தை மாற்றிக் காட்டிக்கொடுப்பவர்கள், குரல் நடுங்கிக் காட்டிக்கொடுப்பவர்களைவிட மிக அதிகம்.

அறிகுறி: ரெய்ஸுக்கு மேல் அவர் ஆல்-இன் போட்டுத் திருப்புகிறார்

பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், பிளஃப் செய்தவருக்கு இதனால் கூடுதல் நட்டம் இல்லை. அவர் கால் செய்திருந்தாலும் நம் 1,000 போயிருக்கும், ஆல்-இன் போட்டாலும் அதே 1,000 போகிறது. சீட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கைக்குப் போகலாம். மீதமுள்ள 730-ஐயும் வீம்புக்காகத் தள்ளுவதுதான் உண்மையான பழுது.

இது அடிக்கடி நிகழ்ந்தால் எதிராளியிடம் மீதம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாருங்கள். அவர் 2,000-க்குப் பதிலாக 900-உடன் தொடங்கியிருந்தால், ரிவரில் 300 வைத்த பிறகு அவரிடம் எஞ்சுவது 330 மட்டுமே. நாம் எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அவரைப் பொறுத்தவரை கேள்வி அந்த 330 பற்றியது. 18 விழுக்காடு வாய்ப்பிருந்தால் கால் செய்யலாம் என்ற நிலையில், கையில் இருந்ததில் பெரும்பகுதியை ஏற்கெனவே பாட்டில் போட்டுவிட்டவர் விலக மாட்டார். குறைந்த சிப்ஸ் உள்ளவரிடம் இந்த உத்திக்கு இடமே இல்லை.

அறிகுறி: உண்மையான ஃப்ளஷ் வரும்போது யாரும் கால் செய்வதில்லை

மேலே உள்ள குறைகளுக்கு நேர்மாறான இந்த நிலையைப் பலர் பழுதாகவே எண்ணுவதில்லை. ரிவரில் நீங்கள் செக்-ரெய்ஸ் போட்டாலே எல்லோரும் விலகுகிறார்கள் என்றால், நீங்கள் பிளஃப் போதுமான அளவு செய்யவில்லை என்று மேசை கண்டுகொண்டிருக்கிறது. 1,000-க்குப் போடும் ரெய்ஸில் எதிராளிக்குத் தேவை 27 விழுக்காடு என்று பார்த்தோம். நம் ரெய்ஸ் கைகளில் ஏறத்தாழ அதே பங்கு பிளஃபாக இருந்தால், கால் செய்வதும் விலகுவதும் அவருக்கு ஒன்றே ஆகிவிடும். அதாவது 8 உண்மையான ஃப்ளஷுக்கு 3 பிளஃப். இந்த மேசையில் அந்த மூன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை: ஆட்டின் ஏஸோடு சேரும் கிளாவர் ஜாக்கி, இஸ்பேட் ஜாக்கி, டைமன் ஜாக்கி ஆகிய மூன்றும் ஒரே தன்மை உள்ள கைகள். அவற்றை மட்டும் பிளஃபுக்கு வைத்துக்கொண்டு, 8-7 போன்ற தவறிய மற்றக் கைகளை விட்டுவிட்டால் பங்கு தானாகவே சரியாக அமையும். ஒவ்வொரு முறையும் மனம் போனபடி முடிவெடுப்பவர், தோற்ற பிறகு குறைவாகவும் வென்ற பிறகு அதிகமாகவும் ஏமாற்றுவார். அதை எதிரே இருப்பவர் சீக்கிரம் படித்துவிடுவார்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் 2017 ஜனவரியில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி வென்றபோது, பாட்டைவிடப் பெரிய பெட்களை அது அஞ்சாமல் வைத்தது பெரிதும் பேசப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கைக்கும் பெரிய பெட் வைக்கத் தொடங்கியவர்கள் உண்டு. நிரலுக்கு ஒவ்வொரு தொகைக்கும் உரிய பிளஃப் பங்கு தெரியும்; பாட் அளவு பெட்டுக்கு இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப், பாட்டைப் போல இருமடங்குக்கு மூன்றுக்கு இரண்டு. தொகையை மட்டும் கடன் வாங்கிவிட்டுப் பங்கை விட்டுவிட்டால் மிஞ்சுவது சத்தம்தான்.

அறிகுறி: ஒருமுறை பலித்த பிறகு மறுபடி பலிப்பதே இல்லை

பலித்ததும் சீட்டைத் திருப்பிக் காட்டினீர்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டியிருந்தால், அன்று இரவு முழுவதும் உங்களுக்குக் கால் வரும். அதை எதிர்பார்த்துக் காட்டியிருந்தால் சரி, கைதட்டலுக்காகக் காட்டியிருந்தால் இனி நல்ல கைக்காகக் காத்திருங்கள்.

அறிகுறி: எதிராளி விலகினாலும் மூன்றாமவர் கால் செய்கிறார்

பெட் வைத்தவருக்கும் உங்களுக்கும் இடையே இன்னொருவர் அந்த 300-க்கு ஏற்கெனவே கால் செய்திருந்தால் ரெய்ஸ் வேண்டாம். பாட் 1,150 ஆகி, தேவையான விழுக்காடு 47 என்று குறைவதுபோல் தெரியும். ஆனால் அந்த 47 இருவரும் சேர்ந்து விலக வேண்டிய அளவு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 68 விழுக்காடு விலக வேண்டும். மூன்று ஆட்டின் கிடக்கும் மேசையில் பெட்டுக்குப் பின் கால் செய்தவர் அந்த அளவுக்கு விலகுவதை நான் எந்த மேசையிலும் பார்த்ததில்லை.